பெரியவர்களுக்கு மருந்து வேளை தவறாமல் இருக்க: தோட்டப்புற வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு, கொழுப்பு. மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டப்புறப் பட்டணத்தில் வயதானவர் இருக்கும் வீடுகளில் இந்த மூன்றும் பெரும்பாலும் சேர்ந்தேதான் இருக்கும். மூன்றுக்குமாக ஒரு நாளைக்கு ஏழெட்டு மாத்திரை. பிள்ளைகள் ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். பகலில் வீட்டில் இருப்பது பாட்டி மட்டும். மத்தியானம் பள்ளி விட்டு வரும் பேரன், சாயங்காலம் வேலை முடிந்து வரும் மருமகள். இப்படிப்பட்ட வீட்டில் "மருந்து சாப்பிட்டீங்களா?" என்று கேட்பதை மட்டும் நம்பியிருக்க முடியாது. "சாப்பிட்டாச்சு" என்றுதான் பதில் வரும். அது இன்று சாப்பிட்டதா, நேற்றுச் சாப்பிட்டதன் ஞாபகமா என்பது பல நேரம் சொல்கிறவருக்கே தெரியாது.

கீழே உள்ளவற்றை வரிசைப்படி செய்யுங்கள். நிறைய வீடுகளில் முதல் வேலையாக மாத்திரைப் பெட்டி ஒன்றை வாங்கி, கையில் கிடைத்த மருந்தையெல்லாம் அதில் நிரப்பிவிடுகிறார்கள். தப்பான மருந்தைச் சரியான நேரத்துக்குக் கொடுக்கும் ஏற்பாடாக அது முடிந்துவிடும். பெட்டி நான்காவது வேலை.

1. வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் ஓரிடத்தில் கொட்டுங்கள்

அலமாரி, ஐஸ்பெட்டி, பாட்டியின் கைப்பை, தலையணைக்கு அடியில், சாமி மேடை டிராயர், பழைய மைலோ டின், பிஸ்கட் டின். எல்லா இடத்திலும் தேடுங்கள். தைலம், சிரப், கண்மருந்து, இன்சுலின் பேனா, கடையில் வாங்கிய வைட்டமின், யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த லேகியம் எதையும் விடாதீர்கள். மேசையில் நாளிதழ் விரித்து ஐந்து கூறாகப் பிரியுங்கள்: இப்போது சாப்பிடுவது, டாக்டர் நிறுத்தச் சொன்னது, ஒரே மருந்து இரண்டு இடத்தில் இருப்பது, காலாவதியானது, என்னவென்றே தெரியாதது.

உறை இல்லாமல் உதிரியாகக் கிடக்கும் மாத்திரையை "இது பிரஷர் மாத்திரை மாதிரிதான் இருக்கிறது" என்று நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது தெரியாத கூறு.

மருந்துப் பையின் மேலுள்ள ஒட்டு மலாயில் இருக்கும். மலாய் படிக்க வராதவர்களுக்குத் தெரிய வேண்டிய சொற்கள் கொஞ்சம்தான். "2 பீஜி" என்றால் இரண்டு மாத்திரை. "2 காலி செஹாரி" என்றால் நாளைக்கு இரண்டு வேளை. "செபெலும் மாக்கான்" சாப்பாட்டுக்கு முன், "செலெபாஸ் மாக்கான்" சாப்பாட்டுக்குப் பின், "செபெலும் தீடோர்" படுக்கப் போகுமுன், "பிலா பெர்லு" தேவைப்பட்டால் மட்டும், "கெகுனாஆன் லுவார்" வெளியே பூச மட்டும். "உபாட் தெர்காவால்" என்ற எழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "கட்டுப்படுத்தப்பட்ட மருந்து" என்று வழக்கமாக அச்சிடும் சட்டக் குறிப்பு அது. இவற்றில் கவனமாக இருக்க வேண்டியது "பிலா பெர்லு". வலி மாத்திரை, அரிப்பு மாத்திரை, தலைசுற்றல் மாத்திரைக்கு இப்படித்தான் எழுதியிருக்கும். அதை வேளை மருந்தாக நினைத்து மாதக்கணக்கில் தினமும் விழுங்குகிறவர்கள் உண்டு.

ஒரே மருந்து இரண்டு பெயரில் இருப்பது இந்தக் கட்டத்தில்தான் அகப்படும். அரசாங்கக் கிளினிக்கிலிருந்து வந்தது ஒன்று, பட்டணத்துத் தனியார் கிளினிக்கில் வாங்கியது இன்னொன்று. நிறமும் பெட்டியும் வேறு, உள்ளே இருப்பது அதே அம்லோடிபின் என்ற ரத்தக் கொதிப்பு மருந்து. ஒட்டில் உள்ள மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் ஒப்பிட்டால்தான் தெரியும். கம்பெனிப் பெயரை ஒப்பிட்டுப் பிரயோசனமில்லை.

2. மறதியா, வேண்டுமென்றே விடுகிறாரா?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போனால் மற்ற ஏற்பாடெல்லாம் வீண். பெரியவர்கள் மருந்தை விடுவதற்கு மறதி ஒரு காரணம் மட்டுமே. டாக்டரிடமும் பிள்ளைகளிடமும் சொல்லாத வேறு காரணங்கள் இருக்கின்றன.

இனிப்பு நீருக்கான மெட்ஃபோர்மின் சாப்பிட்டால் சிலருக்கு வயிற்றைக் கலக்கும், பேதியாகும். ரத்தக் கொதிப்புக்கான பெரிண்டோபிரில் வறட்டு இருமலைக் கிளப்பும். அம்லோடிபின் கணுக்காலை வீங்கவைக்கும். ஃபுரோசமைடு, அதாவது நம்மவர்கள் "தண்ணி மாத்திரை" என்பது, மணிக்கு இரண்டு தடவை கழிவறைக்கு ஓடவைக்கும். அதனால் கோயிலுக்கோ பஸ் ஏறி ஈப்போவுக்கோ போகும் நாளில் பாட்டி அதைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார். சிலருக்கு ஒட்டைப் படிக்கத் தெரியாது, கேட்கக் கூச்சம். சிலருக்கு உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றியதும் "இன்னும் எதுக்கு மாத்திரை" என்ற எண்ணம். ரத்தக் கொதிப்பு வலியைக் கொடுப்பதில்லை என்பதால் இந்த எண்ணம் லேசாக வந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே நிற்பது ஒரு பயம்: "இவ்வளவு மாத்திரை சாப்பிட்டா கிட்னி போயிரும்." தோட்டத்துத் தாமான்களில் இந்தப் பேச்சு வீட்டுக்கு வீடு உலவுகிறது. டயாலிசிஸுக்குப் போகிறவர்களில் பலர் முன்பு மாத்திரை சாப்பிட்டவர்கள் என்பதால் பழி மாத்திரையின் மேல் விழுகிறது. சிறுநீரகத்தைக் கெடுப்பதில் முன்னால் நிற்பவை கட்டுக்கடங்காத இனிப்பு நீரும் ரத்தக் கொதிப்பும்தான். பெரிண்டோபிரில் போன்ற மருந்துகளைச் சிறுநீரகத்தைக் காக்கவும் கொடுக்கிறார்கள். இதைச் சண்டை போட்டுப் புரியவைக்க முடியாது. கிளினிக்கில் ரத்தச் சோதனை முடிவைக் காட்டி, டாக்டர் வாயாலேயே சொல்லவையுங்கள். டாக்டர் சொல்லுக்கு இருக்கும் மதிப்பு மகன் சொல்லுக்கு இருக்காது.

கேட்கும் விதமும் முக்கியம். "ஏன் சாப்பிடல?" என்றால் வாய் மூடிக்கொள்ளும். "எந்த மாத்திரைம்மா ஒத்துக்க மாட்டேங்குது?" என்று கேளுங்கள்.

3. பையோடு கிளினிக்குக்குப் போங்கள்

கொட்டிய மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, தெமுஜான்ஜி (டாக்டரை அடுத்துப் பார்க்கும் தேதி) அட்டையோடு அரசாங்கக் கிளினிக்கின் மருந்துக் கவுண்டருக்குக் கொண்டுபோங்கள். திங்கட்கிழமை காலையைத் தவிருங்கள். கூட்டம் குறைந்த நேரத்தில் போனால்தான் பார்மசிஸ்ட் நின்று பேச முடியும். வேண்டாத, காலாவதியான மருந்தை அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். குப்பையில் போடாதீர்கள், கழிவறையில் கொட்டாதீர்கள்.

கேட்க வேண்டியவை: இதில் எதை நிறுத்த வேண்டும்? எதை எதோடு சேர்க்கக்கூடாது? எதை உடைக்கலாம், எதை உடைக்கக்கூடாது? எல்லாவற்றையும் காலை, இரவு என்று இரண்டே வேளைக்குள் கொண்டுவர முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பல நேரம் "முடியும்" என்றுதான் பதில் வரும். நாளைக்கு நான்கு வேளையை இரண்டாகக் குறைப்பது எந்த அலாரத்தைவிடவும் அதிகம் உதவும்.

பெயருக்குப் பின்னால் எக்ஸ்ஆர், எஸ்ஆர், எம்ஆர், எல்ஏ என்ற எழுத்து இருந்தால் அது மெல்ல மெல்லக் கரைய வேண்டிய மாத்திரை. விழுங்கக் கஷ்டம் என்று அம்மிக்கல்லில் பொடித்துக் கஞ்சியில் கலந்தால் ஒரு நாள் முழுவதற்குமான மருந்து ஒரே மூச்சில் உடம்பில் இறங்கிவிடும். விழுங்க முடியவில்லை என்றால் வேறு வடிவம் கேளுங்கள்.

இனி, டாக்டரிடம் மறைக்கக்கூடாத ஒன்று. பாட்டி இதுவரை பாதி மருந்தைத்தான் சாப்பிட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டருக்கு அது தெரியாது. ரத்தக் கொதிப்பு இறங்கவில்லையே என்று அளவைக் கூட்டியிருப்பார், இன்னொரு மருந்தையும் சேர்த்திருப்பார். இப்போது நீங்கள் பொறுப்பெடுத்து எல்லாவற்றையும் ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கினால், தாளில் இருக்கும் முழு அளவும் முதல் தடவையாக உடம்புக்குள் போகும். ரத்த அழுத்தமோ சர்க்கரையோ திடீரென்று கீழே இறங்கி, குளியலறையில் விழுவது இப்படித்தான். ஆகவே தொடங்குமுன் "இத்தனை நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை" என்று உள்ளதைச் சொல்லிவிடுங்கள். முதல் இரண்டு வாரம் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை அழுத்தம் பார்த்து எழுதுங்கள். மேல் எண் 100-க்குக் கீழே போய், எழுந்தால் தலை சுற்றுகிறது என்றால் அடுத்த தெமுஜான்ஜி வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு தாள், ஒரு கை

பார்மசிஸ்ட் சொன்னதை ஏ4 தாளில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். ஒரு மருந்துக்கு ஒரு வரி: பெயர், மில்லிகிராம், எதற்கு, காலையில் எத்தனை, இரவில் எத்தனை, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா. அடியில் ஒவ்வாமை ஏதாவது இருந்தால் சிவப்பு மையில். மேலே தேதி கட்டாயம். தேதி இல்லாத தாள் மூன்று மாதத்தில் யாருக்கும் புரியாது. ஒரு பிரதி ஐஸ்பெட்டிக் கதவில், ஒன்று பாட்டியின் அடையாள அட்டை உறைக்குள், ஒரு படம் பிள்ளைகள் எல்லாருடைய கைப்பேசியிலும்.

வீட்டில் ஒருவர்தான் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லி முடிவு செய்யுங்கள். மருமகள் கொடுத்திருப்பாள் என்று மகனும், மகன் கொடுத்திருப்பான் என்று மருமகளும் இருந்தால் ஒரு நாள் மருந்து போகாது, இன்னொரு நாள் இரண்டு தடவை போகும். இரண்டாவதுதான் பயங்கரம்.

நேரம்

தோட்டத்தில் வேலை செய்தவர்களின் உடம்புக்கு ஒரு கடிகாரம் இருக்கிறது. பெரட்டுக்குப் போன காலத்துப் பழக்கத்தில் விடியற்காலை நாலரைக்கெல்லாம் எழுந்துவிடுவார்கள். கோப்பி, குளியல், சாமி விளக்கு, பசியாறல், பிறகு வானொலி. இந்த வரிசை மாறவே மாறாது. மருந்தை இந்த வரிசையில் ஓரிடத்தில் கொக்கி போட்டு மாட்டுங்கள். "காலை 8 மணி" என்று வெறுமனே சொன்னால் மறக்கும். "விளக்கேற்றி முடிந்ததும், பசியாற உட்காருமுன்" என்றால் மறக்காது.

மருந்தின் குணத்துக்கும் பொருந்த வேண்டும். தைராய்டுக்கான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரோடு, கோப்பிக்கும் பசியாறலுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. விடியற்காலையில் எழும் பழக்கம் இதற்கு நல்ல வசதி. இனிப்பு நீருக்கான கிளிக்லசைடை ஒட்டில் போட்டபடி சாப்பாட்டுக்கு முன் கொடுக்கலாம், ஆனால் சாப்பாடு தயாராகி மேசைக்கு வந்த பிறகுதான். மாத்திரையைப் போட்டுவிட்டு ரொட்டி சானாய் வாங்க ஒட்டுக்கடைக்கு நடந்தால் வழியிலேயே மயக்கம் வரலாம். மெட்ஃபோர்மின் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்டதும். ஃபுரோசமைடு காலையில், இரண்டு வேளை என்றால் இரண்டாவதை மத்தியானம் இரண்டு மணிக்குள் முடித்துவிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இரவில் கொடுத்தால் இருட்டில் எழுந்து நடந்து விழுவார்கள். கொழுப்புக்கான சிம்வாஸ்டாடின் இரவில். இரும்புச் சத்து மாத்திரையை தே தாரிக்கோடு விழுங்கினால் தேயிலை அதை உடம்பில் சேரவிடாது; இரண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள்.

எந்த மாத்திரையானாலும் உட்கார்ந்த நிலையில், ஒரு முழு கிளாஸ் பச்சைத் தண்ணீரோடு. வாயில் வெற்றிலை இருந்தால் துப்பிவிட்டு. டாக்டர் தண்ணீர் அளவைக் கட்டுப்படுத்தியிருந்தால் மட்டும் அந்தக் கணக்குக்குள்.

4. மாத்திரைப் பெட்டி

ஏழு நாளுக்கு, நாளைக்கு நான்கு அறை, மொத்தம் 28 அறை உள்ள பெட்டியை வாங்குங்கள். பார்மசியிலும் பட்டணத்துச் சாமான் கடைகளிலும் கிடைக்கும். வாங்குமுன் மூடியைப் பாட்டியே திறந்து பார்க்கட்டும். வருடக்கணக்கில் பால்கத்தி பிடித்த கையில் விரல் மூட்டு வீங்கியிருக்கும். இறுக்கமான மூடி அந்த விரலுக்கு ஒத்துவராது. மேலே ஆங்கில எழுத்து இருந்தால் அதன் மேல் வெள்ளை டேப் ஒட்டி தி, செ, பு, வி, வெ, ச, ஞா என்று எழுதுங்கள். எழுத்துத் தெரியாதவருக்குச் சூரியன், நிலா படம் போதும்.

நிரப்பும் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை என்று வையுங்கள். பொறுப்பானவர் தொலைக்காட்சியை அணைத்து, கை கழுவித் துடைத்து, நல்ல வெளிச்சத்தில் உட்கார வேண்டும். தாளைப் பக்கத்தில் வையுங்கள். ஒரு நேரத்தில் ஒரே மருந்து: முதலில் மெட்ஃபோர்மினை மட்டும் எடுத்து ஏழு நாளுக்கும் போட்டு, உறையை மூடி இடப்பக்கம் நகர்த்திவிட்டு, அடுத்ததை எடுங்கள். ஒவ்வொரு நாளாக எல்லா மருந்தையும் போட்டுக்கொண்டு போனால் புதன்கிழமை வரும்போது கணக்குத் தப்பும். முடிந்ததும் ஒவ்வொரு அறையிலும் இருக்கும் எண்ணிக்கை தாளோடு ஒத்துப்போகிறதா என்று வேறொருவர் எண்ணட்டும். பள்ளிக்கூடப் பிள்ளை இதை அழகாகச் செய்யும்.

ஒரு வாரத்துக்கு மேல் நிரப்பாதீர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் உறை பிரித்த மாத்திரை சீக்கிரம் இளகும். பட்டையோடு துண்டு துண்டாக வெட்டிப் பெட்டியில் போடுவதும் கூடாது. கண் மங்கியவர்கள் ஈயத்தாளோடு அப்படியே விழுங்கிவிடுவார்கள். அதன் கூர் முனை உணவுக் குழாயைக் கிழிக்கும்.

பெட்டிக்குள் போகக்கூடாதவை சில. நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் மாத்திரை அதன் சொந்தக் கண்ணாடிப் புட்டியிலேயே இருக்க வேண்டும், திறந்து எட்டு வாரத்தில் மாற்ற வேண்டும். திறந்த தேதியைப் புட்டியில் எழுதுங்கள். வலிப்புக்கான சோடியம் வால்புரோயேட், ரத்தம் உறையாமலிருக்கும் டபிகட்ரான் இரண்டும் ஈரத்தில் கெடும், உறையிலேயே இருக்கட்டும். வார்ஃபரின் கிழமைக்கு ஒரு அளவாக மாறக்கூடியது, ஒவ்வொரு ரத்தச் சோதனைக்குப் பிறகும் மாறலாம். அதற்குத் தனி அட்டவணை. முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெதோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டும். அதைத் தினமும் சாப்பிட்டு உயிருக்கே ஆபத்தானதுண்டு. "வியாழன் மட்டும்" என்பது போல உறையின் மேல் கொட்டை எழுத்தில் கிழமையை எழுதி, பொறுப்பானவர் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். "பிலா பெர்லு" மருந்துகளும் வெளியேதான்.

பெட்டியை எங்கே வைப்பது? கண்ணில் படும் இடமாக, ஆனால் அடுப்புக்கும் குளியலறைக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளி. தகரக் கூரை வீட்டில் மேல் அலமாரி மத்தியானத்தில் கொதிக்கும். சாமி மேடையில் வைத்தால் மறக்க மாட்டார்கள் என்பது சரிதான். விளக்குச் சூடும் திருநீறும் இருப்பதால் மேடைக்குப் பக்கத்து மேசை மேல். சின்னப் பேரப்பிள்ளைகள் இருந்தால் எட்டாத உயரத்தில். பிள்ளை எதையாவது விழுங்கிவிட்டால் மீதி மாத்திரையையும் உறையையும் எடுத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள். திறக்காத இன்சுலின் மட்டும் ஐஸ்பெட்டியில், 2 முதல் 8 டிகிரியில், ஐஸ்கட்டி அறையைத் தொடாமல். உறைந்துபோன இன்சுலின் பிறகு இளகினாலும் உதவாது.

மருந்தின் நிறம் மாறும் மாதம்

தப்பு அதிகம் நடப்பது இப்போதுதான். அரசாங்கக் கிளினிக்கில் கொள்முதல் மாறும்போது அதே மருந்து வேறு கம்பெனியிலிருந்து வரும். போன மாதம் மஞ்சள், இந்த மாதம் வெள்ளை. பெரியவர் "இது என் மாத்திரை இல்லை" என்று ஒதுக்கிவிடுவார், அல்லது பழையதையும் புதியதையும் சேர்த்துச் சாப்பிடுவார். புது மருந்து வந்த அன்றே பொறுப்பானவர் ஒட்டைப் படித்து, பெயர் அதேதானா என்று தாளோடு ஒப்பிட்டு, பழைய மிச்சத்தையும் புதியதையும் ஒரே இடத்தில் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பழையது முதலில் தீரட்டும். பாட்டியிடம் புது மாத்திரையைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள்: "இதுதாம்மா அந்த பிரஷர் மாத்திரை, சட்டை மட்டும் மாத்திருக்காங்க."

5. ஞாபகப்படுத்தல்

கைப்பேசி அலாரம் போதும்; விலை கொடுத்து வாங்கும் கருவி தேவையில்லை. வெறும் மணிச் சத்தம் எதற்கு அடிக்கிறது என்று பெரியவருக்குப் புரியாது, அணைத்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். பேத்தியின் குரலில் "பாட்டி, சாப்பிட்டுட்டு ராத்திரி மாத்திரை போடுங்க" என்று பதிவு செய்து அதையே அலாரமாக வையுங்கள். அலாரம் வேளைக்கு ஒன்றுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாக அடித்தால் இரண்டாம் வாரம் அது காதில் விழாது.

வெளியூரில் இருக்கும் பிள்ளை இரவு ஒரு குறித்த நேரத்தில் வாட்சாப் வீடியோவில் அழைத்து, பேசிக்கொண்டிருக்கும்போதே மாத்திரையைப் போடச் சொல்வது நல்ல ஏற்பாடு. காலியான அறையைக் காட்டச் சொல்லுங்கள். போலீஸ் விசாரணை மாதிரி ஆகிவிடாமல் முதலில் நலம் விசாரியுங்கள். அன்று வேலையிடத்தில் மீட்டிங், அழைக்க முடியவில்லை என்றால் யார் அழைப்பது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் அவர் ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போவார்.

பெட்டி காலியாக இருப்பது மருந்து உள்ளே போனதற்குச் சாட்சி அல்ல. சோபா இடுக்கு, பூந்தொட்டி, குப்பைத்தொட்டி ஆகியவற்றையும் அவ்வப்போது பாருங்கள்.

ஒரு வேளை தவறிவிட்டால்

பெரும்பாலான மருந்துக்குப் பொது விதி: ஞாபகம் வந்ததும் சாப்பிடலாம், அடுத்த வேளை நெருங்கிவிட்டால் தவறியதை விட்டுவிடுங்கள். இரண்டு வேளையைச் சேர்த்து எப்போதும் போடக்கூடாது. சாப்பிட்டாரா இல்லையா என்றே தெரியாவிட்டால், பெட்டியும் காலியாக இருந்தால், சாப்பிட்டதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். இன்சுலின், கிளிக்லசைடு, வார்ஃபரின், வலிப்பு மருந்து நான்குக்கும் இந்தப் பொது விதியை நம்பாமல், தவறினால் என்ன செய்வது என்று முன்கூட்டியே கிளினிக்கில் கேட்டுத் தாளில் எழுதி வையுங்கள்.

இன்சுலினோ கிளிக்லசைடோ எடுப்பவருக்குத் திடீரென்று வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, பேச்சு தடுமாறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள். கருவியில் 4-க்குக் கீழே காட்டும். கருவி இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடம் கழித்துப் பாருங்கள், தேறவில்லை என்றால் மறுபடி. தேறியதும் சோறோ ரொட்டியோ சாப்பிடவையுங்கள். நினைவில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999.

விரதம், திருவிழா

புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி ஆறு நாள், தைப்பூசத்துக்கு முன் 48 நாள் ஒரு வேளைச் சாப்பாடு. விரதம் இருக்காதே என்று பாட்டியிடம் சொல்லிப் பயனில்லை; கேட்க மாட்டார், உங்களுக்குத் தெரியாமல் இருப்பார். விரதம் தொடங்க இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் சொல்லி, எந்த வேளை மருந்தைக் குறைப்பது, எதை மாற்றுவது என்று எழுதி வாங்குங்கள். சாப்பிடாமல் கிளிக்லசைடு போடுவதும் ஆபத்து, விரதம் என்று எல்லா மருந்தையும் நிறுத்துவதும் ஆபத்து. நோன்பு வைக்கும் முஸ்லிம் குடும்பங்களுக்கும் இதே முறைதான். கல்லுமலைக்கோ பத்துமலைக்கோ போகும் நாளில் அன்றைய மாத்திரையோடு ஒரு நாள் கூடுதலையும், தாளின் பிரதியையும், ஒரு சீனிப் பொட்டலத்தையும் கைப்பையில் போடுங்கள்; கூட்டத்தில் மாட்டினால் வீடு திரும்ப நடுநிசியாகும்.

கள்ளோ சம்சுவோ குடிக்கும் தாத்தாவாக இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். வெறும் வயிற்றில் குடித்தால் கிளிக்லசைடோடு சேர்ந்து சர்க்கரையைத் தரைக்கு இறக்கும்.

கடை மருந்தும் வேர்த் தண்ணியும்

முட்டி வலிக்கு போன்ஸ்டான் மாதிரி வலி மாத்திரையைத் தானாக வாங்கிப் போடுவது பெரிய தொல்லை. ரத்தக் கொதிப்பு மருந்தின் வேலையை அது கெடுக்கும், சிறுநீரகத்துக்கும் நல்லதல்ல. பனடோல் பரவாயில்லை, ஆனால் சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும்; 500 மில்லிகிராம் மாத்திரை எல்லாம் சேர்த்து நாளைக்கு எட்டைத் தாண்டவே கூடாது, மெலிந்த முதியவருக்கு அதைவிடக் குறைவு.

பாசார் மாலாமில் விற்கும், "மூன்றே நாளில் வலி போகும்" என்ற மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தது மலேசிய சுகாதார அமைச்சின் சோதனையில் பலமுறை அகப்பட்டிருக்கிறது. பதிவான மருந்தின் பெட்டியில் "மால்" (MAL) என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டும் இருக்கும், இல்லாததை வாங்காதீர்கள். பாகற்காய்ச் சாறு, வெந்தயத் தண்ணி, மிசாய் கூச்சிங் (பூனை மீசை மூலிகை) தேநீர் எதைக் குடித்தாலும் பார்மசிஸ்டிடம் சொல்லுங்கள், திட்ட மாட்டார். தம்புன் பம்பளிமாஸ் பக்கத்தில் விளைகிறதென்று தினமும் உரிப்பவர்கள், சில மருந்துகளோடு அந்த இனப் பழம் சேரக்கூடாது என்பதால், தங்கள் மருந்துக்குச் சரியா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளவும்.

மறதி நோய் வந்தவருக்கு

பெட்டியை அவரிடம் கொடுக்கும் காலம் முடிந்துவிட்டது. பூட்டு போட்ட டப்பாவில் வைத்து, வேளைக்குரியதை மட்டும் கையில் கொடுத்து, விழுங்கும் வரை நில்லுங்கள். வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்து இடுக்கில் ஒதுக்கியிருக்கிறாரா என்று பாருங்கள். மறுத்தால் வற்புறுத்தாமல் கால் மணி நேரம் கழித்து மறுபடி. சாப்பாட்டில் ஒளித்துக் கலப்பதை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

6. தீருமுன் வாங்குங்கள்

நீண்ட நாள் மருந்தை அரசாங்கக் கிளினிக்கில் பெரும்பாலும் மாதம் மாதமாகத்தான் பிரித்துத் தருவார்கள். அடுத்து வாங்க வேண்டிய தேதி மருந்துச் சீட்டில் இருக்கும். சமையலறையில் தொங்கும் குதிரைக் காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு, அதற்கு ஒரு வாரம் முன்பு இன்னொரு வட்டம். தீபாவளி, சீனப் புத்தாண்டு, ஹரி ராயா வாரங்களில் விடுமுறை நாளில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பாட்டியே வரிசையில் உட்கார வேண்டியதில்லை. சீட்டையும் அட்டையையும் கொண்டு வேறொருவர் வாங்கலாம். மகன் வேலை செய்யும் ஊரில் சில மாதம் தங்கப் போகிறார் என்றால் அங்குள்ள அரசாங்கக் கிளினிக்கிலேயே வாங்க எஸ்பியுபி என்ற ஏற்பாடு இருக்கிறது. அஞ்சல்வழி மருந்து, காரில் இருந்தபடி வாங்கும் பாண்டு லாலு ஆகியவையும் சில இடங்களில் உண்டு. எது கிடைக்கும் என்று கவுண்டரில் கேளுங்கள். வாங்கப் போகும்போது வீட்டில் மிஞ்சியிருப்பதை எண்ணிச் சொல்லுங்கள். முப்பது மாத்திரையில் பன்னிரண்டு மிச்சம் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை டாக்டரிடமும் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் சேர்ந்து திரும்பி வந்தால் அந்த ஏழு நாள் பெட்டி அப்படியே பழைய கணக்கில் நிரம்பியிருக்கும். வீட்டுக்கு வந்த அன்றே, அடுத்த வேளைக்கு முன், பெட்டியைக் காலி செய்து, பழைய தாளைக் கிழித்து, டிஸ்சார்ஜ் மருந்துப் பட்டியலைப் பார்த்துப் புதுத் தாள் எழுதி, அதன்படி நிரப்புங்கள். பட்டியலில் இல்லாத பழைய மருந்து ஒன்று இருந்தால், நிறுத்திவிட்டார்களா, எழுத விட்டுவிட்டார்களா என்று வார்டுக்கே போன் போட்டுக் கேளுங்கள்.